எவ்வளவு கொடுக்கலாம்?

புதிய மருந்து ஒன்றை மனித உடலுக்குள் முதன்முதலாகச் செலுத்தப்போகும் மருத்துவர் முன்னால் நிற்கும் கேள்வி, எவ்வளவு கொடுக்கலாம் என்பதுதான். எலிக்குக் கொடுத்த கணக்கு இருக்கிறது. நாய்க்கோ குரங்குக்கோ கொடுத்த கணக்கும் இருக்கிறது. மனிதருக்கான கணக்கு மட்டும் எங்கும் இல்லை. யாரோ ஒருவர் முதல் ஆளாக அதை வாங்கிக்கொண்டால்தான் அந்தக் கணக்கையே எழுதத் தொடங்க முடியும்.

ரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றுக்கான மருந்துகளை முதலில் நோயற்ற தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு இது ஒத்துவராது. செல்லைக் கொல்வதற்காகவே உருவாக்கிய பொருளை நல்ல உடம்பில் ஏற்றுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. அதனால் முதல் கட்டச் சோதனைக்கு வருபவர்கள், நோய் முற்றி, வழக்கமான சிகிச்சைகள் எல்லாம் கைவிட்டுவிட்ட நோயாளிகள். அவர்கள் மனத்தில் இருப்பது வேறு கேள்வி: எனக்குச் சரியாகுமா?

மருத்துவர் அளவைத் தேடுகிறார், நோயாளி ஆயுளைத் தேடுகிறார். ஒரே அறையில், ஒரே காகிதத்தில் கையெழுத்திடும் இருவரும் இருவேறு கேள்விகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கடந்த 80 ஆண்டுகளில் இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பது, நவீன மருத்துவத்தின் வியப்பான கதைகளில் ஒன்று.

ஜே.டி.யின் பத்து ஊசிகள்

1942 ஆகஸ்ட் 27 அன்று, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், இன்று ஜே.டி. என்ற எழுத்துகளால் மட்டுமே அறியப்படும் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டார்கள். நிணநீர் மண்டலத்தில் தோன்றிய புற்றுநோய் அவருடைய தாடையையும் கழுத்தையும் அடைத்திருந்தது. விழுங்க முடியவில்லை, தலையைத் திருப்ப முடியவில்லை. கதிர்வீச்சு முதலில் கேட்டது, பிறகு கேட்கவில்லை.

ஊசியில் இருந்தது நைட்ரஜன் மஸ்டர்ட். முதல் உலகப் போரில் படைவீரர்களின் தோலையும் நுரையீரலையும் எரித்த மஸ்டர்ட் வாயுவின் உறவுக்கார ரசாயனம். லூயி குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் என்ற இரு மருந்தியலாளர்கள் போர்க்காலப் பணியாக இதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். விலங்குகளில் இது வெள்ளணுக்களையும் நிணநீர்த் திசுக்களையும் அழிப்பதைக் கண்டார்கள். அப்படியானால் நிணநீர்த் திசுவில் முளைத்த கட்டியையும் அழிக்குமா? ஓர் எலியில் சோதித்தார்கள். கட்டி கரைந்தது. அடுத்தது ஜே.டி.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம் பத்து நாட்களுக்குக் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே கட்டி சுருங்கத் தொடங்கியது, அவரால் விழுங்க முடிந்தது. ஆனால் அவருடைய எலும்பு மஜ்ஜையும் சேர்ந்தே சரிந்தது. நோய் திரும்பியது. மறுபடி மருந்து, மறுபடி சரிவு. டிசம்பர் 1 அன்று அவர் இறந்தார். போர் ரகசியம் என்பதால், இந்தச் செய்தி மருத்துவ இதழில் வெளிவர 1946 ஆயிற்று.

இன்றைய கீமோதெரபி முழுவதற்கும் இதுதான் பிள்ளையார் சுழி. ஜே.டி.யைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் ரசாயனத்தால் கட்டியைக் கரைக்க முடியும், அளவு தவறினால் அதே ரசாயனம் மஜ்ஜையையும் கரைத்துவிடும் என்ற இரண்டு உண்மைகளை உலகம் அவருடைய உடலிலிருந்து கற்றது.

அடுத்த படியில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. பீமவரத்தில் 1895இல் பிறந்து, மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பல் ஏறிய எல்லாப்பிரகட சுப்பாராவ், 1940களில் லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தை நடத்திக்கொண்டிருந்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கும் வேலையில் ஈடுபட்ட அவருடைய குழு, கூடவே அதன் போலிகளையும் உருவாக்கியது. செல் பிளவுபட ஃபோலிக் அமிலம் வேண்டும். போலியைக் கொடுத்தால் செல் ஏமாந்து நின்றுவிடும். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர் அந்தப் போலிகளில் ஒன்றான அமினாப்டெரினை, கடும் ரத்தப் புற்றுநோயால் உயிருக்குப் போராடிய குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 16 குழந்தைகள். அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. "தற்காலிகமாக" என்ற சொல்லை ஃபார்பர் கட்டுரையின் தலைப்பிலேயே போட்டிருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார்.

மூன்று பேர், பிறகு மூன்று பேர்

அந்த நாட்களில் அளவை முடிவு செய்தது மருத்துவரின் துணிச்சலும் ஊகமும்தான். தாலிடோமைடு மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த பிறகு, 1962இல் அமெரிக்கா மருந்துச் சட்டத்தைத் திருத்தியது. மருந்துச் சோதனை மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது. முதல் கட்டம் அளவையும் ஆபத்தையும் கண்டறியும். இரண்டாம் கட்டம் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும். மூன்றாம் கட்டம், ஏற்கெனவே உள்ள சிகிச்சையைவிட இது மேலா என்று நூற்றுக்கணக்கான அல்லது ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் ஒப்பிட்டுப் பார்க்கும்.

முதல் கட்டத்தின் இலக்கணம் எளிமையானது. தொடக்க அளவு விலங்குச் சோதனையிலிருந்து வருகிறது. எலிகளில் பத்தில் ஒன்றைக் கடுமையாகப் பாதித்த அளவு எதுவோ, அதை உடற்பரப்பின் கணக்கில் மனிதருக்கு மாற்றி, அதிலும் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குவது கீமோதெரபி மருந்துகளுக்கான பழைய வழக்கம். அந்த அளவை மூன்று நோயாளிகளுக்குக் கொடுப்பார்கள். பிறகு மூன்று அல்லது நான்கு வாரம் காத்திருப்பார்கள். ரத்தம், சிறுநீர், இதயத் துடிப்பு எல்லாம் கண்காணிப்பில் இருக்கும். பக்கவிளைவுகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை தரம் உண்டு. ஒன்று லேசானது, ஐந்து மரணம். மூன்று, நான்காம் தரக் கடும் விளைவுகள்தான் மேலே போவதைத் தடுப்பவை.

மூவரில் யாருக்கும் அப்படி எதுவும் இல்லையென்றால், அடுத்த மூவருக்கு ஒரு படி கூடுதலான அளவு. ஒருவருக்கு வந்தால், அதே படியில் இன்னும் மூவர். ஆறு பேரில் அந்த ஒருவரோடு நின்றுவிட்டால் மேலே ஏறலாம். இரண்டாமவருக்கும் வந்துவிட்டால் நிறுத்தம். அதற்குக் கீழ்ப்படிதான் உடல் தாங்கும் உச்ச அளவு. படிகளின் உயரமும் ஒன்றுபோல இருக்காது. முதல் படியில் அளவை இரட்டிப்பார்கள். அடுத்து 67 சதவீதம், பிறகு 50, 40, 33 என்று கூட்டும் அளவைக் குறைத்துக்கொண்டே போவார்கள். மேலே போகப் போகக் கால் சிறிதாக வைக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள ஞானம்.

எளிமையான இந்த முறையில் இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று கணிதச் சங்கடம். ஓர் அளவு பத்தில் நான்கு பேரைக் கடுமையாகப் பாதிக்கக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். அதை மூன்று பேருக்குக் கொடுத்தால், மூவருமே தப்பித்துவிட 100க்கு 22 வாய்ப்பு இருக்கிறது. மூன்று பேரை மட்டும் வைத்து எடுக்கும் முடிவில் அதிர்ஷ்டத்துக்கு அவ்வளவு இடம். இதைச் சரிக்கட்ட, 1990இல் தொடங்கி, அதுவரை சேர்ந்த எல்லோருடைய அனுபவத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு அடுத்த நோயாளிக்கான அளவைச் சொல்லும் புள்ளியியல் முறைகள் வந்துள்ளன.

மற்றது அறச் சங்கடம். முதலில் வருபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் பலனளிக்காத சொற்ப அளவு. கடைசியில் வருபவருக்குக் கிடைப்பது உடல் தாங்காத அளவாக இருக்கலாம். சரியான அளவு நடுவில் வந்தவருக்குத்தான். யார் எப்போது வருகிறார் என்பதே அவருடைய பங்கைத் தீர்மானித்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு பொறுமை என்று கேட்பவருக்கு 2006 மார்ச் 13 விடை சொல்லும். லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனையில், டிஜிஎன்1412 என்ற புதிய எதிர்ப்பொருள் மருந்தை ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்குச் சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகச் செலுத்தினார்கள். விலங்குகளுக்குத் தீங்கு செய்யாத அளவில் அது 500இல் ஒரு பங்குதான். இருந்தும் சில மணி நேரத்தில் ஆறு பேருக்கும் பல உறுப்புகள் செயலிழந்தன. தீவிர சிகிச்சையால் ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். முதல் ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போதுமான நேரம் காத்திருந்திருந்தால், மற்ற ஐவருக்கும் அது போயிருக்காது. அதன் பிறகு, முதலில் ஒருவர், கண்காணிப்பு, பிறகே அடுத்தவர் என்பது விதியாகிவிட்டது.

83 பேர், 14 படிகள்

முதல் கட்டச் சோதனையின் இயல்பையே மாற்றிக்காட்டியது 1998 ஜூனில் தொடங்கிய ஒரு சோதனை. அதன் வேர் 1960இல் இருக்கிறது. பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களின் ரத்தச் செல்களில், வழக்கத்தைவிடக் குட்டையான ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி அது ஏன் குட்டையானது என்று காட்டினார். 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் உடைந்து, துண்டுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தன. அந்தத் தவறான ஒட்டில் ஒரு புதிய மரபணு பிறக்கிறது. அது உருவாக்கும் பிசிஆர்-ஏபிஎல் என்ற புரதம், பிளவுபடு என்ற கட்டளையை நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 11 ஆயிரத்தைத் தாண்டக் கூடாத வெள்ளணு எண்ணிக்கை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் சீபா-கைகி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், அலெக்ஸ் மேட்டர் ஆகியோரின் குழு, இத்தகைய புரதங்களை அடைக்கும் மூலக்கூறுகளைச் செய்துகொண்டிருந்தது. வேதியியலாளர் யூர்க் சிம்மர்மன் வடிவமைத்தவற்றில் ஒன்றை, ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் இருந்த பிரையன் டிரக்கர் என்ற மருத்துவர் சோதனைக் குடுவையில் பரிசோதித்தார். நோயுற்ற செல்கள் இறந்தன, நல்ல செல்கள் பிழைத்தன. 1996இல் அந்த முடிவு வெளியானது. ஆனால் மருந்து நோயாளியைச் சென்றடைய மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின. நாய்களில் அதிக அளவு கொடுத்தபோது கல்லீரல் பாதிக்கப்பட்டது. அதே சமயத்தில் சீபா-கைகி, சாண்டோஸ் இரண்டும் இணைந்து நோவார்டிஸ் ஆயின. இது அரிதான நோய், மருந்து விற்பனையாகுமா என்ற தயக்கமும் நிறுவனத்துக்குள் இருந்தது.

கடைசியில் போர்ட்லண்டில் டிரக்கர், லாஸ் ஏஞ்சலிஸில் சார்லஸ் சாயர்ஸ், ஹூஸ்டனில் மோஷே தல்பாஸ் என மூவர் மூன்று இடங்களில் சோதனையைத் தொடங்கினார்கள். அன்று முக்கியச் சிகிச்சையாக இருந்த இன்டர்ஃபெரான் பலிக்காதவர்களோ, அதைத் தாங்க முடியாதவர்களோதான் வந்தார்கள். முதல் படி ஒரு நாளைக்கு 25 மில்லிகிராம். இன்று வழக்கமாகத் தரும் 400 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் அது பதினாறில் ஒரு பங்கு. மாத்திரை விழுங்கிய நாளில் மணிக்கணக்கு வைத்துத் திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்தார்கள். மருந்து எவ்வளவு நேரம் ரத்தத்தில் தங்குகிறது என்று அறிய வேறு வழி இல்லை. அதில் பாதி குறையச் சுமார் 18 மணி நேரம் ஆகிறது என்று தெரிந்தது. ஒரு நாளைக்கு ஒரு முறை விழுங்கினால் போதும் என்ற இன்றைய வழக்கம் அந்த ரத்தக் குப்பிகளிலிருந்து வந்ததுதான்.

அளவு ஏற ஏற, வெள்ளணு எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. 1999 டிசம்பரில் அமெரிக்க ரத்தவியல் சங்கக் கூட்டத்தில் டிரக்கர் எழுந்து, 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 31 பேருக்கும் ரத்தம் சீராகிவிட்டது என்று அறிவித்தார். 2001 ஏப்ரலில் முழுக் கணக்கு வெளியானது. மொத்தம் 83 பேர். 25இலிருந்து 1,000 மில்லிகிராம் வரை 14 படிகள். 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 பேரில் 53 பேருக்கு ரத்த அணுக்கள் இயல்புக்குத் திரும்பின. அதைவிட ஆச்சரியம், 1,000 மில்லிகிராம் வரை போயும் உடல் தாங்கும் உச்ச அளவு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எதைக் கண்டுபிடிப்பதற்காக முதல் கட்டச் சோதனை என்ற ஒன்றே இருந்ததோ, அந்த விடை கிடைக்காமலே சோதனை மகத்தான வெற்றி பெற்றது.

அடுத்த மாதமே, 2001 மே 10 அன்று, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இமாட்டினிப் என்ற பெயர் கொண்ட இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்தது. முன்பெல்லாம் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த இந்த நோய், தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகக்கூடிய நோயானது. இன்னொரு பெரிய சோதனையில் இம்மருந்தோடு சிகிச்சையைத் தொடங்கியவர்களில் பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இங்கேயே கதையை முடித்தால் அது பாதிப் பொய். அந்த 83 பேரும் நோயின் நிதானமான நிலையில் இருந்தவர்கள். நோய் வெறிகொண்டு பெருகும் கடைசி நிலையில் இருந்தவர்களுக்கும் இதே மருந்து தரப்பட்டது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதலில் பலன் தெரிந்தது. சில மாதங்களில் பெரும்பாலோருக்கு நோய் திரும்பியது. சாயர்ஸின் ஆய்வுக்கூடம் அவர்களுடைய ரத்தத்தை ஆராய்ந்து, அந்தப் புரதத்தின் 315ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால்கூட மருந்து ஒட்டாமல் போவதை 2001இல் காட்டியது. எதிர்ப்பைப் பற்றிய அந்த அறிவிலிருந்து டசாட்டினிப், நிலோட்டினிப் என்ற அடுத்த தலைமுறை மருந்துகள் வந்தன. 315ஆம் இடத்து மாற்றத்தையும் வெல்லும் பொனாட்டினிப் 2012இல் வந்தது. பிழைக்காதவர்களின் ரத்தம்தான் அதற்கு வழிகாட்டியது.

அதிகம் கொடுத்தால் அதிகப் பலனா?

உடல் தாங்கும் உச்ச அளவைத் தேடும் பழக்கம் கீமோதெரபி காலத்தது. எவ்வளவு அதிகம் விஷம் கொடுக்கிறோமோ அவ்வளவு அதிகம் செல்கள் சாகும் என்பது அதன் தர்க்கம். ஒரு புரதத்தை மட்டும் அடைக்கும் மருந்துக்கு இந்தத் தர்க்கம் பொருந்தாது. புரதங்கள் எல்லாம் அடைபட்ட பிறகு கூடுதலாகக் கொடுப்பது பக்கவிளைவை மட்டுமே கூட்டும்.

நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தின் கதையும் இதுதான். 2011இல் தொடங்கிய அதன் முதல் கட்டச் சோதனை, பலன் தெரியத் தெரிய விரிந்துகொண்டே போய், கடைசியில் 1,235 நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டது. அதில் கிடைத்த முடிவுகளை வைத்தே 2014 செப்டம்பரில், தோலில் தோன்றிப் பரவிய மெலனோமா புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. கட்டங்களுக்கு நடுவே இருந்த சுவர்கள் அந்தச் சோதனையில் கரைந்துவிட்டன. அதிலும், கிலோவுக்கு 10 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும் 2 மில்லிகிராம் பெற்றவர்களுக்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை.

2021இல் நுரையீரல் புற்றுநோய்க்கான சோட்டோராசிப் மருந்தை 960 மில்லிகிராம் அளவில் அனுமதித்த அமெரிக்க நிர்வாகம், 240 மில்லிகிராமோடு ஒப்பிட்டுக் காட்டும்படி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு, புற்றுநோய் மருந்துகளின் அளவை மறுபரிசீலனை செய்ய 'ஆப்டிமஸ்' என்ற திட்டத்தையும் தொடங்கியது. எவ்வளவு தாங்குவார் என்பதோடு எவ்வளவு போதும் என்றும் இப்போது கேட்கிறார்கள். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மாத்திரை விழுங்க வேண்டியவருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

நம்பிக்கையின் கணக்கு

இமாட்டினிப் ஒரு விதிவிலக்கு. பொது நிலவரத்தை அறிய, அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் ஆதரித்த முதல் கட்டச் சோதனைகளின் கணக்கைப் பார்க்கலாம். 1991இலிருந்து 2002 வரை நடந்த 460 சோதனைகளில் சுமார் 12,000 பேர் பங்கேற்றார்கள். கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர்கள் 10.6 சதவீதம். மருந்தாலேயே இறந்தவர்கள் 0.49 சதவீதம். 2000க்குப் பிறகான இருபது ஆண்டுகளை ஆராய்ந்த இன்னொரு கட்டுரை, பலன் பெற்றவர்களின் விகிதம் தொடக்கத்தில் 9.6 சதவீதமாக இருந்தது, 2013க்குப் பிறகு 18 சதவீதமாக உயர்ந்தது என்கிறது. மருந்தால் ஏற்பட்ட மரணம் ஒரு சதவீதத்துக்குள்தான் இருந்தது.

இந்த எண்களை இரண்டு பக்கமிருந்தும் படிக்க வேண்டும். எல்லா வழியும் அடைபட்டதாகச் சொல்லப்பட்ட நூறு பேரில் பதினெட்டுப் பேருக்குக் கட்டி சுருங்குகிறது என்பது சாதாரணச் சாதனை இல்லை. அதே நேரம், எண்பதுக்கும் மேற்பட்டோருக்குச் சுருங்குவதில்லை. சுருங்குவது என்றால் குணமாவது என்றும் பொருளில்லை. ஸ்கேனில் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டினால் 30 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் வரையறை. அது எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது தனிக் கேள்வி. முதல் கட்டத்தில் நுழையும் புற்றுநோய் மருந்துகளில் கடைசி வரை தேறி மருந்துக்கடைக்கு வருவது ஏறத்தாழ இருபதில் ஒன்று.

ஆனாலும், ஏன் சேர்ந்தீர்கள் என்று நோயாளிகளைக் கேட்டால் பெரும்பாலோர் சொல்லும் காரணம், எனக்குக் குணமாகலாம் என்பதுதான். ஆராய்ச்சியைத் தனக்கான சிகிச்சை என்றே எடுத்துக்கொள்ளும் இந்தத் தடுமாற்றத்தை, 1982இலேயே அமெரிக்க மனநல மருத்துவர் பால் அப்பெல்பாமும் அவருடைய சகாக்களும் சுட்டிக்காட்டினார்கள். இது அறியாமை மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. படிவத்தின் ஒவ்வொரு வரியையும் புரிந்துகொண்ட பேராசிரியரும் அந்தப் பதினெட்டில் ஒருவர் நானாக இருப்பேன் என்றே நினைப்பார். அந்த நம்பிக்கையைப் பறிக்க வேண்டியதில்லை. யாரும் அதைப் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சோதனையில் சேராவிட்டால் வெறுமனே கிடந்து சாக வேண்டியதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே வலி தணிப்புச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, நீண்ட நாளும் வாழ்ந்தார்கள். மற்றவர்களின் இடைநிலை ஆயுள் 8.9 மாதம், இவர்களுடையது 11.6 மாதம். வலி தணிப்புச் சிகிச்சை என்பது கைவிடல் இல்லை. சோதனையில் இருந்துகொண்டே அதைப் பெறவும் முடியும்.

நம் ஊர்ப் பக்கம்

இமாட்டினிப்புக்கான காப்புரிமை விண்ணப்பம், முதல் கட்டச் சோதனை தொடங்கிய அடுத்த மாதமே, 1998 ஜூலையில், சென்னை காப்புரிமை அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் அதை நிராகரித்தது. நோவார்டிஸ் சென்னை உயர் நீதிமன்றம் போனது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிராகரிப்பை உறுதி செய்தது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய், இந்திய நிறுவனங்கள் செய்த அதே மருந்துக்குச் சுமார் பத்தாயிரம் ரூபாய் என்பது அந்த வழக்குக் காலத்தில் எல்லோரும் பேசிய கணக்கு. நோயாளிகள் உடலைக் கொடுத்துக் கண்டறிந்த அளவு யாருடைய கைக்கு எட்டும் என்பதை விலைதான் முடிவு செய்கிறது.

இன்று இந்தியாவிலும் முதல் கட்டச் சோதனைகள் நடக்கின்றன. நோயாளியின் சொந்த டி செல்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் காணும்படி மரபணு மாற்றி, திரும்ப உடலில் ஏற்றும் கார்-டி சிகிச்சையை மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கின. 2021 ஜூனில் முதல் நோயாளிக்குத் தரப்பட்ட அந்தச் சிகிச்சை 2023 அக்டோபரில் அனுமதி பெற்றது. செலவு அமெரிக்காவில் ஆவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு.

எனவே இத்தகைய அழைப்பு நம் வீட்டுக்கும் வரலாம். வந்தால் என்ன செய்வது? 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் நமக்குச் சில உரிமைகளைத் தந்துள்ளன. ஒவ்வொரு சோதனையும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். சோதனையால் உடலுக்குத் தீங்கு நேர்ந்தால் இலவச மருத்துவமும், நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. எந்த நாளிலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள்: இது எந்தக் கட்டம்? எனக்கு முன்னால் எத்தனை பேர் இந்த மருந்தை வாங்கியிருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆயிற்று? எனக்குத் தரப்போவது எத்தனையாவது படி? மாதத்தில் எத்தனை நாள் மருத்துவமனைக்கு வர வேண்டும், பயணச் செலவு யாருடையது? இதில் சேராவிட்டால் எனக்கு வேறு என்ன வழிகள் இருக்கின்றன? இந்தக் கேள்விகளுக்குப் பொறுமையாக உட்கார்ந்து விடை சொல்லும் மருத்துவரிடம் சேருங்கள். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க விடாதவரிடம், சோதனை மருந்துக்கு விலை கேட்பவரிடம், நிச்சயம் குணமாகும் என்று வாக்குக் கொடுப்பவரிடம் சேராதீர்கள். முதல் கட்டச் சோதனையில் அந்த வாக்கைக் கொடுக்கும் தகுதி யாருக்கும் கிடையாது.